நூற்றுக்கு முப்பத்தொன்று

அத்தியாயம் 12

சென்ற வாரம் வைஜெயந்தியை எங்கே விட்டுவிட்டு வந்தோம்? அந்தமானில், ரங்கத் என்ற ஊரில், பாக்கு மட்டைத் தட்டு செய்யும் ஷெட்டுக்குள், கையில் சாக்பீஸோடு. சுவரில் 31 என்று எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்துவிட்டு அவள் நின்றாள். "அது என்ன, மருமகளின் வயதா?" என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை அம்மா, அவளுக்கு வயது இருபத்தொன்பதுதான். முப்பத்தொன்று என்பது அவள் புகுந்த வீட்டுத் தொழிலில் விழுந்திருக்கும் ஓட்டையின் அளவு.

நூறு மட்டை உள்ளே போனால் அறுபத்தொன்பது தட்டுதான் உருப்படியாகிறது. மீதி முப்பத்தொன்று வீண்.

புதிதாக வந்திருப்பவர்களுக்காக ஒரு சின்ன முன்கதை. கப்பல் வந்து நிற்கும் ஜெட்டியில் சரக்கு எண்ணும் வேலையில் முப்பத்திரண்டு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர் திருநாவுக்கரசு. சிவகங்கைப் பக்கத்துக்காரர். ஓய்வு பெற்ற கையோடு நாலு அச்சு உள்ள ஒரு பிரஸ் மெஷினை மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வரவழைத்து இந்த ஷெட்டைப் போட்டார். ஏழு வருஷமாக ஓடுகிறது. பெயருக்கு அவர் முதலாளி. அசல் முதலாளி அவர் மனைவி மங்கையர்க்கரசி. அந்த அம்மாள் சொன்னால் மெஷினே ஒரு நிமிஷம் நின்று கேட்கும்.

போன மாதம் ஹேவ்லாக் தீவில் உள்ள ஒரு ஹோட்டலுக்கு அனுப்பிய தட்டுகள், பெட்டியைத் திறந்தபோது சாம்பல் பூத்தாற்போல் பூஞ்சை படிந்து இருந்தன. கொண்டுபோன படகிலேயே திரும்பி வந்தன. ஹோட்டலுக்குச் சாமான் வாங்கும் பிஸ்வாஸ், கடைசியாக ஒரு வாய்ப்புக் கொடுத்தார். வியாழக்கிழமை தானே நேரில் வருவதாகவும், தன் கையால் ஐந்து பெட்டி பிரிப்பதாகவும், நூற்றுக்கு ஐந்து வரை கெட்டிருந்தால் பொறுப்பதாகவும் சொன்னார். அதற்கு மேல் போனால் இனி இந்தப் பக்கமே எட்டிப் பார்க்க மாட்டாராம்.

வைஜெயந்தியின் கணவன் பாலகுமார் அதற்குள் மனம் விட்டுவிட்டான். போர்ட் பிளேரில் ஒரு பார்ட்டியிடம் மெஷினை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டான். அதை முடித்துக் கொடுக்கத்தான் போயிருக்கிறான், இன்றோடு நாலு நாள். பிஸ்வாஸ் தலையாட்டினால் மெஷின் இங்கேயே இருக்கும். ஆட்டாவிட்டால் மெஷின் போகும், பத்துப் பெண்களின் வேலை போகும், இந்தக் குடும்பம் ஆளுக்கொரு கரையில் ஒதுங்கும்.

இன்று அந்த வியாழக்கிழமை.

* * *

காலை ஏழு மணிக்கே வைஜெயந்தி பெட்டிகளை அடுக்கி முடித்துவிட்டாள். ஒவ்வொரு பெட்டியின் பக்கவாட்டிலும் சாக்பீஸால் தேதி, டிரம் நம்பர், செய்தவர் பெயர்.

கல்யாணத்துக்கு முன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நின்றவள் அவள். ஓட்டை விழுந்த பனியனைத் தூக்கி எறிவதோடு அங்கே வேலை முடியாது. எந்த மெஷினில், எந்த நேரத்தில் அந்த ஓட்டை விழுந்தது என்று பின்னோக்கிப் போய்ப் பிடிக்க வேண்டும். அதையேதான் இங்கும் செய்தாள். ஒரு மட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு, தொட்டியிலிருந்து பெட்டி வரைக்கும் அதன் கூடவே நடந்தாள். பார்த்தவர்கள் சிரித்தார்கள்.

முப்பத்தொன்றில் ஒன்பது, அச்சில் கிழிந்தவை. அகலம் பார்க்காமல் ஒடுக்கமான மட்டையைப் பெரிய அச்சில் வைத்ததால் வந்த வினை. முதலிலேயே தரம் பிரித்து வைத்ததும் அது போயிற்று. மீதி இருபத்திரண்டுதான் பூஞ்சை. அதன் வேர் தொட்டியில் இருந்தது.

ரங்கத்தில் கோடையில் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர். ஆகவே தண்ணீர் வந்த அன்றே இரண்டு நாளைக்கான மட்டை மொத்தத்தையும் தொட்டியில் போட்டு அமுக்கிவிடுவது மங்கையர்க்கரசியின் சட்டம். இருபது நிமிஷம் ஊற வேண்டிய மட்டை முப்பது மணி நேரம் ஊறியது. அச்சின் சூட்டில் மேல்தோல் காய்ந்து தட்டு பளபளவென்று வெளியே வரும். உள்ளே ஈரம் உட்கார்ந்திருக்கும். பெட்டிக்குள் கட்டிப் போட்டு, படகுக்காகக் காத்திருக்கும் நாட்களில் அது பூக்கும்.

இதை மாமியாரிடம் யார் சொல்வது? நல்ல வேளையாக அந்த அம்மாள் தங்கை மகளின் பிரசவத்துக்காக வடக்கே திக்லிபூர் போய் மூன்று வாரம் ஆகிறது. அந்த இடைவெளியில் வைஜெயந்தி இரண்டு நீல டிரம்மை வாங்கி வைத்தாள். ஒரு டிரம்முக்கு அறுபது மட்டை, இருபது நிமிஷம், எடு, அச்சில் வை, அரை நாள் வெயிலில் போடு, அப்புறம்தான் பெட்டி. ஒரே தண்ணீரை மூன்று முறை பயன்படுத்தினாள். தொட்டித் தண்ணீரில் கால்வாசிகூடச் செலவாகவில்லை. தண்ணீர் வராத நாளிலும் வேலை நடந்தது.

"மாமா, பதினேழு பெட்டிதானுங்க ஆச்சு. இருபது சொல்லியிருக்கோம். பிஸ்வாஸ்கிட்ட உள்ளதைச் சொல்லிப்போடலாங்க" என்றாள் வைஜெயந்தி.

திருநாவுக்கரசுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"பதினேழா? இருபதுன்னு எழுதின சரக்கு பதினேழா நிக்கிறதாம்மா? ஜெட்டியில என் டேலிக் கணக்குல ஒரு மூட்டை கொறஞ்சதில்ல."

"கொறஞ்சாப் பரவாயில்லீங்க மாமா. கெட்டதுதான் இருக்கப்படாது."

வைஜெயந்தி வெயிலில் காயும் தட்டுகளைத் திருப்பிப் போடப் பின்பக்கம் போனாள். அவள் தலை மறைந்ததும் பெரியவர் மெல்ல உள்ளறைக்குப் போய், மூலையில் இருந்த மூன்று பழைய பெட்டிகளைத் தூசு தட்டிக் கொண்டுவந்து வரிசையின் நடுவில் செருகினார். திக்லிபூர் போகும் முன் மங்கையர்க்கரசி தன் கையால் கட்டி வைத்தவை அவை. அவள் கட்டியதில் என்ன குறை இருந்துவிடப் போகிறது? ஒருமுறை எண்ணினார். இருபது. மனம் நிறைந்துபோய் டீ குடிக்கப் போனார்.

நாம் பார்த்தோம். வைஜெயந்தி பார்க்கவில்லை.

* * *

பத்தரை மணிக்குக் குழாயில் தண்ணீர் வந்தது. அதே சமயம் திக்லிபூர் பஸ்ஸிலிருந்து இறங்கிய மங்கையர்க்கரசியும் வந்தாள். வீட்டுக்குப் போகவில்லை, முகம் கழுவவில்லை, பையைக் கீழே வைக்கவில்லை. நேரே தொட்டியைப் பார்த்தாள்.

தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது. ஒரு மட்டைகூட இல்லை. பொங்கலன்று அடுப்பு மூட்டாத வீட்டைப் பார்த்ததுபோல் அவளுக்கு ஆகிவிட்டது.

"ஏய் ஒச்சம்மா! பானி வந்த அன்னைக்குத் தொட்டி காலியா கெடக்கு? நான் மூணு வாரம் இல்லைன்னா இது ஷெட்டா, சத்திரமா?"

அச்சு மெஷினில் நிற்கும் ஒச்சம்மா, உசிலம்பட்டிக்காரி, யாருக்கும் பயப்படாதவள். அவளே பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இல்லக்கா, வைஜெயந்திதான் டிரம்முல..."

"டிரம்மாவது தம்பட்டமாவது. எடுங்கடி மட்டைய! ஜல்தி! ஜல்தி!"

"அத்தை, வேணாங்க." வைஜெயந்தி ஓடி வந்தாள். "ரொம்ப ஊறினா உள்ள ஈரம் நின்னுக்குதுங்க. அதுனாலதான் பூஞ்சை வருதுங்க."

"ஏழு வருஷமா ஊறப்போடுறேன். உங்க மாமனார் தலையிலயா பூத்துச்சு?"

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மங்கையர்க்கரசி சேலையைச் செருகிக்கொண்டு தானே ஒரு கட்டு மட்டையைத் தூக்கித் தொட்டிக்குள் போட்டாள். தலைவி இறங்கிவிட்ட பிறகு மற்றவர்கள் சும்மா நிற்க முடியுமா? பத்துப் பேரும் தூக்கினார்கள். சற்று நேரத்தில் தொட்டி கழுத்து வரை மட்டை.

மங்கையர்க்கரசியை நாம் வாய்க்கு வந்தபடி ஏசிவிடக் கூடாது. பாலகுமார் கைக்குழந்தையாக இருந்த ஒரு கோடையில், இதே ஊரில் ஆறு நாள் குழாய் சொட்டவில்லை. பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு. பக்கத்து வங்காளிக் குடும்பத்திடம் ஒரு செம்பு தண்ணீருக்குக் கை நீட்டி நின்றாள். அன்றிலிருந்து குழாய்ச் சத்தம் கேட்டால் அவள் கை தானாக எதையாவது நிரப்பும். அந்தக் கைதான் இந்த வீட்டைக் காப்பாற்றியது. அதே கைதான் இப்போது கவிழ்க்கவும் பார்க்கிறது.

வைஜெயந்திக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கோபமும் வந்தது. இன்னும் ஒன்றரை மணி நேரத்தில் பிஸ்வாஸ் வருவார் என்ற நினைப்பு இரண்டையும் விழுங்க வைத்தது.

"பதினேழு பெட்டி நல்லா இருக்குது. அது போதும்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

* * *

பிஸ்வாஸ் பெரிய ஆள். ஜெட்டியில் படகை விட்டு இறங்கி, ஜீப்பில் வந்து, குடையை மடக்கிவிட்டு ஷெட்டுக்குள் நுழைந்தார். ரங்கத்தில் பிறந்து வளர்ந்த வங்காளி. தமிழ் புரியும். பேசுவது பாதி ஹிந்தி. மங்கையர்க்கரசியைச் சித்தி முறை வைத்து 'மாஸிமா' என்றுதான் கூப்பிடுவார்.

"மாஸிமா, கைசே ஹோ? ரெண்டு மணி படகுல நான் திரும்பணும். பாஞ்ச் பெட்டி. நானே எடுக்கறேன்."

"எடு ராஜா, எடு. அஞ்சு என்ன, ஐம்பது எடு" என்றாள் மங்கையர்க்கரசி.

முதல் பெட்டியைப் பிரித்தார். நூறு தட்டையும் மேஜையில் பரப்பி, முன்னும் பின்னும் திருப்பி, மூக்கில் வைத்து முகர்ந்தார். இரண்டு மட்டும் ஓரம் வெடித்திருந்தன.

"தோ" என்று நோட்டில் இரண்டு போட்டார்.

இரண்டாவது பெட்டியில் ஒன்று. ஷெட்டுக்குள் ஒரு மூச்சு தளர்ந்தது. ஒச்சம்மா வைஜெயந்தியின் இடுப்பைக் கிள்ளினாள்.

மூன்றாவது பெட்டியைத் திறந்தபோதே வாசனை வந்தது. மூடிக் கிடந்த மழைக்கால அலமாரியின் வாசனை. பிஸ்வாஸ் மேலே இருந்த தட்டை எடுத்தார். நடுவில் சாம்பல் வட்டம். அடுத்ததிலும் அதே. அடுத்ததிலும் அதே.

"சௌந்தீஸ்" என்றார். முப்பத்து நாலு.

நாலாவது பெட்டியில் மூன்று. ஐந்தாவது பெட்டியில் மறுபடி அந்த வாசனை. அதில் இருபத்தொன்பது.

பிஸ்வாஸ் கூட்டிப் பார்த்தார். ஐந்நூறு தட்டில் அறுபத்தொன்பது. நூற்றுக்குப் பதினாலு. நோட்டை மூடிவிட்டுக் குடையைத் தேடினார்.

"மாஸிமா, மாஃப் கரோ. ரூல் ரூல்தான்."

வைஜெயந்தி முன்னால் வந்தாள். குனிந்து அந்த இரண்டு பெட்டியின் பக்கவாட்டைப் பார்த்தாள். சாக்பீஸ் எழுத்தே இல்லை. தன் பெட்டி இல்லை இது! நிமிர்ந்தாள். தூரத்தில் தூணைப் பிடித்துக்கொண்டு மாமனார் நின்ற கோலமே மீதியைச் சொல்லிவிட்டது.

ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். இது பழைய சரக்கு, எங்கள் அத்தை முப்பது மணி நேரம் ஊறப்போட்டது, என்னுடையது இல்லை என்று. ஆனால் எப்படிச் சொல்வது? வெளி ஆள் முன்னால், பத்துப் பெண்கள் முன்னால், ஏழு வருஷம் இந்த ஷெட்டைத் தாங்கியவளைக் குற்றவாளியாக நிறுத்துவதா? சொல்லாவிட்டால் மெஷின் போய்விடும். சொன்னால் இந்த வீட்டில் இனி முகத்தோடு முகம் பார்க்க முடியாது. வைஜெயந்தி கெட்ட தட்டுகளை அள்ளித் திரும்பப் பெட்டிக்குள் போட்டாள்.

மங்கையர்க்கரசி அந்தப் பெட்டியைக் கட்டியிருந்த கயிற்றைக் கையில் எடுத்தாள். பிஸ்வாஸ் அவிழ்க்க முடியாமல் அறுத்துப் போட்ட கயிறு. மூன்று சுற்று, ஒரு மடக்கு, உள்ளே இழுத்த முடிச்சு. இந்த ரங்கத்தில் அப்படி முடிச்சுப் போடுகிற கை ஒன்றுதான் உண்டு.

நல்ல பெட்டியின் கயிற்றையும் எடுத்துப் பார்த்தாள். சாதாரண இரட்டை முடிச்சு. மருமகளுடையது.

குழாய் மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது.

"பிஸ்வாஸ், ருகோ" என்றாள் மங்கையர்க்கரசி. நில் என்றால் நின்றுவிடுகிற குரல் அது. பிஸ்வாஸும் நின்றார்.

"இந்த ரெண்டும் என்னுது. நான் ஊறப்போட்டு, நான் கட்டினது. யே மேரா ஹை. அந்த மூணும் என் மருமக செஞ்சது. ரெண்டையும் ஏன் ஒண்ணாக் கூட்டுற? அலக் அலக், தனித்தனியா எண்ணு."

"மாஸிமா, டயம் நஹி..."

"டயம் இருக்கு. எங்கிட்ட பத்துப் பொம்பளைங்க இருக்காக. ஏய், எல்லாப் பெட்டியையும் பிரிங்கடி! இருபதையும்!"

"அத்தை..." என்றாள் வைஜெயந்தி.

"நீ பேசாத. பேச வேண்டிய நேரத்துல பேசாம நின்னியே, இப்ப என்ன பேச்சு?"

திட்டுதான். ஆனால் வைஜெயந்தியின் காதில் அது கொஞ்சலாகத்தான் விழுந்தது.

பத்துப் பேர் இருபது கை. தட்டுகள் மேஜையிலும், சாக்கின் மேலும், காலி டிரம்மைக் கவிழ்த்து அதன் மேலும் பரவின. பிஸ்வாஸ் குடையை எறிந்துவிட்டு ஒவ்வொரு குவியலாகப் போய்ப் பார்த்தார். ஆரம்பத்தில் அலுப்போடு பார்த்தவர், பத்தாவது பெட்டியில் நிமிர்ந்தார். பதினைந்தாவது பெட்டியில் ஒன்றுகூடக் கெடவில்லை. அதை இரண்டு தடவை பார்த்தார்.

எண்ணிக்கை சொல்ல வேண்டிய பொறுப்பு திருநாவுக்கரசுக்கு. முப்பத்திரண்டு வருஷ அனுபவம் அல்லவா! தூணை விட்டு வந்து கரகரத்த குரலில் படித்தார்.

"மருமக பெட்டி பதினேழு. தட்டு ஆயிரத்தெழுநூறு. கெட்டது இருபத்தொன்பது."

நூற்றுக்கு இரண்டுகூட இல்லை.

"மங்கையர்க்கரசி பெட்டி மூணு. தட்டு முந்நூறு. கெட்டது..." அவர் நிறுத்தினார்.

"படிங்க. என்ன தயக்கம்?" என்றாள் மனைவி.

"நூத்தி நாலு."

மங்கையர்க்கரசி அந்த மூன்று பெட்டிகளையும் பார்த்தாள். ஏழு வருஷத்தில் எத்தனை நூற்று நாலுகள் என்று மனசுக்குள் கணக்குப் போட்டிருப்பாளோ என்னவோ. அவமானம் முகத்தில் தெரிந்தது. அதை மறைக்க அவள் முயலவில்லை. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கிய ஆனை எல்லோர் முன்னாலும் அதை ஒப்புக்கொண்டு நின்றதை அன்றுதான் ரங்கத்தில் பார்த்தார்கள்.

பிஸ்வாஸ் தாடையைச் சொறிந்தார். நியாயமான கேள்வி ஒன்று கேட்டார்.

"இன்னிக்கு உங்க பஹூ, மருமக செஞ்சது சரி. அச்சா ஹை. அடுத்த மாசம் நீங்க திரும்ப உங்க மாதிரி செஞ்சா? தேக்கோ, தொட்டி ஃபுல்லா இருக்கு!"

எல்லோர் தலையும் தொட்டிப் பக்கம் திரும்பியது.

மங்கையர்க்கரசி விறுவிறுவென்று போனாள். முழங்கால் வரை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கினாள். ஊறிக் கனத்த மட்டைகளை இரண்டு கையாலும் வாரி வெளியே எறிந்தாள். தண்ணீர் சிதறிப் பிஸ்வாஸின் கால்சட்டை நனைந்தது.

"எடுங்கடி! வெயில்ல போடுங்க! ஏ வைஜெயந்தி, இதுக எத்தனை நேரம் கெடந்துச்சு?"

"ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சுங்க அத்தை."

"போச்சா?"

"இல்லீங்க. இப்ப எடுத்தா ரெண்டு நாள் காயவெச்சு மறுபடி எடுத்துக்கலாங்க. ஒண்ணும் வீணாகாது."

"ஒண்ணும் வீணாகாதாம், கேட்டீங்களா?" என்று தொட்டிக்குள் நின்றபடி மங்கையர்க்கரசி பிஸ்வாஸைப் பார்த்துச் சத்தம் போட்டாள். "இனிமே மணி பாக்கப் போறது நான்தான். இருபது நிமிஷத்துக்கு ஒரு நிமிஷம் கூடினா, மட்டைய விடு, ஊறப்போட்டவளையே தூக்கி வெயில்ல போட்டுருவேன். போதுமா ஒனக்கு?"

பிஸ்வாஸ் சிரித்தார். உடம்பு குலுங்கச் சிரித்தார். நனைந்த கால்சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டே நோட்டைத் திறந்து, சற்று முன் எழுதிய பக்கத்தை நீளமாக ஒரு கோடு போட்டு அடித்தார்.

"பூரா சாலுக்கு எழுதறேன் மாஸிமா."

ஒரு வருஷத்துக்கு! ஒச்சம்மா குலவை போட்டாள். அவ்வளவுதான், பத்துப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். என்ன கல்யாணம் என்று பக்கத்து மர அறுவைப் பட்டறையிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். வைஜெயந்தி சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணீர் கொட்டியது. நிறுத்த வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

ஜீப்பில் ஏறும்போதுதான் பிஸ்வாஸ் ஒரு காலை வெளியே வைத்தபடி அடுத்ததைச் சொன்னார்.

"ஒரு பாத், ஒரு விஷயம் பாக்கி. தட்டு மட்டும் பத்தாது. தால் ஊத்த ஆழமான கிண்ணம் வேணும். ஆறு இஞ்சு. அடுத்த மாச லோடுல அதுவும் வேணும். அச்சு இருக்கில்ல?"

"இருக்குங்க" என்றாள் வைஜெயந்தி.

ஜீப் போனது. மங்கையர்க்கரசி மெல்லக் கேட்டாள்.

"கிண்ண அச்சு நம்மகிட்ட ஏதுடி?"

"இல்லீங்க அத்தை. கோயமுத்தூர்ல கிடைக்குங்க."

"கோயமுத்தூர் என்ன பக்கத்துத் தெருவா? கப்பல்ல மூணு நாள்!"

"தெரியுங்க. அதுக்குள்ள வாய் முந்திருச்சுங்க."

மாமியார் முறைத்தாள். பிறகு பக்கென்று சிரித்துவிட்டாள். தன்னுடைய மருமகள்தான் இவள், சந்தேகமே இல்லை.

* * *

மூன்றரை மணிக்குப் பாலகுமாருக்குப் போன் போட்டார்கள். மங்கையர்க்கரசியே பேசினாள்.

"டேய் தம்பி! ஜெயிச்சாச்சுடா! பூரா வருஷத்துக்கும் எழுதிட்டான்! மெஷின் பார்ட்டிகிட்ட 'நை', குடுக்கலைன்னு சொல்லிட்டு விடியக்காலை பஸ்ஸப் பிடி."

போனில் காற்றுச் சத்தம்தான் வந்தது.

"என்னடா? காது கேக்குதா?"

"அம்மா, மெஷின எடுக்க லாரி திங்கக்கிழமை வரும்னு வாக்குக் குடுத்துட்டேன்." குரல் கம்மியிருந்தது. "அப்புறம்... நான் டவுன்ல இல்லம்மா."

"பெறகு?"

"கப்பல்ல இருக்கேன். சென்னைக் கப்பல்ல. இனி இங்க ஒண்ணும் இல்லைன்னு நினைச்சேன். திருப்பூர்ல மச்சான் பனியன் கம்பெனியில வேலை வாங்கித் தர்றேன்னாரு. போய்ச் சேந்துட்டுச் சொல்லலாம்னு..."

வைஜெயந்தியின் அண்ணன் நந்தகுமாரைத்தான் சொன்னான். தங்கைக்குத் தெரியாமல் தங்கை வீட்டுக்காரனுக்கு வேலை!

"எறங்குடா! இப்பவே எறங்கு!"

"படியத் தூக்கிட்டாங்கம்மா."

போன் ஸ்பீக்கரில் இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. மங்கையர்க்கரசி அப்படியே சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டாள். திருநாவுக்கரசு "ஐயோ" என்றார். ஜெயித்த நாளில் பிள்ளை கடலில்.

வைஜெயந்திக்கு நெஞ்சு எரிந்தது. சொல்லாமல் போனவனை நாலு கேள்வி கேட்க வேண்டும், அழ வேண்டும், போனை எறிய வேண்டும். மூன்றையும் செய்யத் தகுந்த காரணம் அவளுக்கு இருந்தது. ஆனால் சிக்னல் இன்னும் சில நிமிஷம்தான் இருக்கும்.

அவள் போனை வாங்கினாள்.

"கப்பல் கிளம்பிருச்சுங்களா?"

"நகருது. வைஜெயந்தி, நான்..."

"அழாதீங்க. நான் அப்புறமா சண்டை போட்டுக்கறேன். லாரிய நாங்க பாத்துக்கறோம். இப்பக் கேளுங்க. சென்னையில இறங்கி நேரா கோயமுத்தூர் போங்க. திருப்பூர்ல இறங்கவே வேணாம், எங்கண்ணன்கிட்ட நான் பேசிக்கறேன். ஆறு இஞ்சுக் கிண்ணத்துக்கு அச்சு வேணுங்க. ஆழம் ரெண்டு இஞ்சு. நம்ம பிரஸ்ஸுல உக்கார்ற மாதிரி வாங்குங்க. அடுத்த கப்பல்ல அதோட ஏறி வாங்க. வருவீங்கல்ல?"

பத்துப் பெண்களும் வாயைப் பிளந்து பார்த்தார்கள். எதையும் வீணாக்க மாட்டாள் என்று தெரியும். ஓடிப்போகிற புருஷனைக்கூடவா?

போனில் காற்று இரைந்தது. கப்பலின் ஊதல் நீளமாகக் கேட்டது. ஸ்பீக்கரில் ஒரே இரைச்சலாக இருக்கவே, வைஜெயந்தி அதை அணைத்துவிட்டுப் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். ஒரு கணம் உற்றுக் கேட்டாள். ஏதோ இரண்டு வார்த்தை சொன்னாள். இணைப்பு அறுந்தது.

"என்னடி சொன்னான்?" மங்கையர்க்கரசி எழுந்து வந்து அவள் கையைப் பிடித்தாள். "வருவேன்னானா, மாட்டேன்னானா?"

"ரெண்டும் சொல்லலீங்க அத்தை."

"பின்ன?"

வைஜெயந்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆழம் எத்தனை இஞ்சுன்னு மறுபடி கேட்டாருங்க."